குடியரசுத் தலைவர் தேர்தல்: இரண்டாம் விருப்ப வாக்குகள் முடிவு செய்த 1969, வாக்குகள் எண்ணப்படுவது எப்படி?

புது டெல்லி: இந்தியாவில் இதுவரை 16 குடியரசுத் தலைவர் தேர்தல்கள் நடைபெற்றுள்ளன. அவற்றுள் 1977ஆம் ஆண்டுத் தேர்தலில் மட்டும் போட்டி இருக்கவில்லை. வாக்குப்பதிவு நடந்த மற்ற 15 தேர்தல்களில், முதல் விருப்ப வாக்குகளை எண்ணி முடித்த பிறகும் வெற்றியாளரை அறிவிக்க முடியாமல் போனது ஒரே ஒரு முறைதான். அது 1969ஆம் ஆண்டு.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் தேதி நடந்த வாக்கு எண்ணிக்கையில், சுயேச்சை வேட்பாளர் வி.வி. கிரி, காங்கிரஸ் கட்சியின் அதிகாரப்பூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டியை 14,650 வாக்கு மதிப்பு வித்தியாசத்தில் வென்றார். அப்போது ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் வாக்கு மதிப்பு 576. அதன்படி, இறுதிக் கணக்கில் கிரியின் பக்கம் இருந்த 13 எம்.பி.க்கள் ரெட்டியின் பக்கம் இருந்திருந்தால் முடிவே மாறியிருக்கும்.

இதைவிடக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இரண்டாம் சுற்றுக்குச் சென்ற வாக்குகளில் நான்கில் மூன்று பங்கு, தோற்ற வேட்பாளரான ரெட்டிக்கே கிடைத்தது. அவ்வாறு இருந்தும் கிரி எவ்வாறு வென்றார்? விடை, நமது அரசமைப்புச் சட்டம் வகுத்துள்ள எண்ணும் முறையில் இருக்கிறது.

வாக்களிப்பவர்கள் யார்?

குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 54ஆவது பிரிவின்படி, நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் உள்ள தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும், மாநிலச் சட்டப்பேரவைகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும் அடங்கிய வாக்காளர் குழு அவரைத் தேர்ந்தெடுக்கிறது. டெல்லி, புதுச்சேரி சட்டப்பேரவை உறுப்பினர்களுக்கும் இதில் வாக்குரிமை உண்டு. நியமன உறுப்பினர்களுக்கும், சட்டமேலவை உறுப்பினர்களுக்கும் வாக்குரிமை இல்லை. 2022ஆம் ஆண்டுத் தேர்தலில் இந்தக் குழுவில் 776 எம்.பி.க்கள், 4,033 எம்.எல்.ஏ.க்கள் என மொத்தம் 4,809 பேர் இடம்பெற்றிருந்தனர்.

ஒரு வாக்கின் மதிப்பு

இந்தத் தேர்தலில் அனைவரது வாக்கும் சம மதிப்புடையது அல்ல. ஒரு மாநிலத்தின் மக்கள்தொகையை, அதன் சட்டப்பேரவையில் உள்ள தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் எண்ணிக்கையால் வகுத்து, கிடைக்கும் எண்ணை மீண்டும் 1,000-ஆல் வகுத்தால் வருவதே அம்மாநில எம்.எல்.ஏ. ஒருவரின் வாக்கு மதிப்பு. இதற்கு 1971ஆம் ஆண்டு மக்கள்தொகையே இன்றும் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, 1971 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 4,11,99,168. இதை 234 உறுப்பினர்களுக்குக் கணக்கிட்டால், ஓர் எம்.எல்.ஏ.வின் வாக்கு மதிப்பு 176 ஆகிறது. உத்தரப் பிரதேசத்தில் இது 208. சிக்கிமில் 7 மட்டுமே.

எல்லா மாநில எம்.எல்.ஏ.க்களின் மொத்த வாக்கு மதிப்பை, தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி.க்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஓர் எம்.பி.யின் வாக்கு மதிப்பு கிடைக்கும். 2022ஆம் ஆண்டில் அது 700 ஆக இருந்தது. மாநிலங்கள் ஒருபுறமும் நாடாளுமன்றம் மறுபுறமும் ஏறத்தாழ சம எடையில் இருக்க வேண்டும் என்பதே இந்தக் கணக்கின் நோக்கம்.

வாக்குச்சீட்டில் எண்கள்

வாக்காளர் தமக்கு விருப்பமான வேட்பாளரின் பெயருக்கு எதிரே 1 என்ற எண்ணை எழுத வேண்டும். அடுத்த விருப்பங்களை 2, 3 என வரிசையாகக் குறிக்கலாம். முதல் விருப்பத்தைக் குறிப்பது கட்டாயம். மற்றவை வாக்காளரின் விருப்பத்தைப் பொறுத்தவை. எண்ணுக்குப் பதிலாக 'ஒன்று' என்று எழுத்தால் எழுதினாலோ, ஒன்றுக்கும் மேற்பட்ட பெயர்களுக்கு எதிரே 1 என்று குறித்தாலோ, வாக்காளரை அடையாளம் காட்டும் குறி இட்டாலோ அந்த வாக்கு செல்லாது. எம்.பி.க்களுக்குப் பச்சை நிறத்திலும், எம்.எல்.ஏ.க்களுக்கு இளஞ்சிவப்பு நிறத்திலும் வாக்குச்சீட்டு வழங்கப்படுகிறது. வாக்குப்பதிவு ரகசியமானது. கட்சிகள் கொறடா உத்தரவு பிறப்பிக்க முடியாது. நோட்டா வாய்ப்பும் இல்லை.

பழுத்த அரசியல்வாதிகளும் இதில் தவறுகிறார்கள். 2022 தேர்தலில் பதிவான 4,754 வாக்குகளில் 53 வாக்குகள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. அவற்றுள் 15 வாக்குகள் எம்.பி.க்களுடையவை.

எண்ணும் முறை

மாநிலத் தலைநகரங்களில் இருந்து வாக்குப்பெட்டிகள் டெல்லிக்குக் கொண்டுவரப்பட்டு, நாடாளுமன்ற வளாகத்தில் எண்ணப்படுகின்றன. முதலில் செல்லாத வாக்குகள் நீக்கப்படும். எஞ்சிய செல்லுபடியான வாக்குகளின் மொத்த மதிப்பை இரண்டால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, பின்னத்தை விட்டுவிட்டால் கிடைப்பதே வெற்றிக்கான இலக்கு. அதாவது, அதிக வாக்கு பெற்றால் மட்டும் போதாது. பாதிக்கு மேல் பெற வேண்டும்.

முதல் விருப்ப வாக்குகளிலேயே ஒருவர் இலக்கை எட்டிவிட்டால் எண்ணிக்கை அத்துடன் முடிந்துவிடும். 2022இல் செல்லுபடியான வாக்குகளின் மொத்த மதிப்பு 10,56,980, இலக்கு 5,28,491. திரௌபதி முர்மு 6,76,803 பெற்றதால் அடுத்த சுற்றுக்குத் தேவை எழவில்லை.

யாரும் இலக்கை எட்டாவிட்டால், மிகக் குறைந்த வாக்கு பெற்ற வேட்பாளர் நீக்கப்படுவார். அவருக்குக் கிடைத்த வாக்குச்சீட்டுகள் ஒவ்வொன்றிலும் இரண்டாம் விருப்பமாக யார் குறிக்கப்பட்டுள்ளாரோ அவருக்கு, அச்சீட்டு முழு மதிப்புடன் மாற்றப்படும். அவரும் ஏற்கெனவே நீக்கப்பட்டவராக இருந்தால் அதற்கு அடுத்த விருப்பம் பார்க்கப்படும். அடுத்த விருப்பம் எதுவும் குறிக்கப்படாத சீட்டு, எண்ணிக்கையில் இருந்து விலகிவிடும். ஒருவர் இலக்கை எட்டும் வரை, அல்லது ஒருவர் மட்டுமே எஞ்சும் வரை இந்த நீக்கம் தொடரும். இதற்கு ஒற்றை மாற்று வாக்கு முறை என்று பெயர்.

1969: தேர்தல் வந்த சூழல்

குடியரசுத் தலைவராக இருந்த ஜாகிர் உசேன் 1969 மே 3 அன்று பதவியில் இருக்கும்போதே காலமானார். குடியரசுத் துணைத் தலைவரான வி.வி. கிரி தற்காலிகக் குடியரசுத் தலைவர் பொறுப்பை ஏற்றார்.

அப்போது ஆளும் காங்கிரஸ் கட்சிக்குள் பிரதமர் இந்திரா காந்திக்கும், 'சிண்டிகேட்' என்று அழைக்கப்பட்ட மூத்த தலைவர்களுக்கும் இடையே மோதல் முற்றியிருந்தது. கட்சித் தலைவர் எஸ். நிஜலிங்கப்பா, கே. காமராஜர், மொரார்ஜி தேசாய் உள்ளிட்டோர் ஒருபுறம் நின்றனர். பெங்களூரில் கூடிய கட்சியின் நாடாளுமன்றக் குழு, இந்திரா காந்தி முன்மொழிந்த ஜகஜீவன் ராமை ஏற்கவில்லை. மக்களவைத் தலைவராக இருந்த சஞ்சீவ ரெட்டியை வேட்பாளராக அறிவித்தது.

ஜூலை 19 அன்று 14 பெரிய வங்கிகளை நாட்டுடைமையாக்கும் அவசரச் சட்டத்தில் கிரி கையெழுத்திட்டார். மறுநாள் பதவி விலகிச் சுயேச்சையாகக் களமிறங்கினார். இரு பதவிகளும் ஒரே நேரத்தில் காலியானதால், உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி எம். ஹிதயதுல்லா தற்காலிகக் குடியரசுத் தலைவரானார்.

ஜனசங்கமும் சுதந்திரா கட்சியும், முன்னாள் நிதியமைச்சரும் ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய ஆளுநருமான சி.டி. தேஷ்முக்கை ஆதரித்தன. கிரிக்கு இடதுசாரிக் கட்சிகள், திமுக, அகாலி தளம் ஆகியவற்றின் ஆதரவு இருந்தது. மொத்தம் 15 பேர் போட்டியில் இருந்தனர்.

இரண்டாம் விருப்பத்துக்கான பேச்சு

மும்முனைப் போட்டியில் முதல் சுற்றிலேயே முடிவு கிடைக்காமல் போகலாம் என்பதைக் காங்கிரஸ் தலைமை உணர்ந்திருந்தது. எனவே, தேஷ்முக்கை ஆதரிப்போர் தங்கள் இரண்டாம் விருப்பத்தை ரெட்டிக்கு அளிக்க வேண்டும் என நிஜலிங்கப்பா ஜனசங்க, சுதந்திரா தலைவர்களுடன் பேசினார். எண்ணும் விதியை நோக்கினால் இது இயல்பான ஏற்பாடே. ஆனால் அரசியலில் அது எதிர்விளைவை உண்டாக்கியது. வலதுசாரிக் கட்சிகளுடன் கட்சித் தலைமை கைகோத்துவிட்டது என்று இந்திரா காந்தி தரப்பு குற்றம்சாட்டியது. கொறடா உத்தரவு பிறப்பிக்க மறுத்த இந்திரா காந்தி, காங்கிரஸ் உறுப்பினர்கள் மனசாட்சிப்படி வாக்களிக்கலாம் என அறிவித்தார்.

எண்கள் சொன்னது என்ன?

ஆகஸ்ட் 16 அன்று வாக்குப்பதிவு நடந்தது. செல்லுபடியான வாக்குகளின் மொத்த மதிப்பு 8,36,337. வெற்றிக்கான இலக்கு 4,18,169.

முதல் விருப்ப வாக்குகளில் கிரி 4,01,515, ரெட்டி 3,13,548, தேஷ்முக் 1,12,769 பெற்றனர். மற்ற 12 பேரில் ஏழு பேர் சேர்ந்து 8,505 மட்டுமே பெற்றனர். ஐந்து பேருக்கு ஒரு வாக்கும் விழவில்லை. கிரி 87,967 முன்னிலையில் இருந்தபோதும் இலக்கை எட்ட இன்னும் 16,654 தேவைப்பட்டது.

குறைந்த வாக்கு பெற்றவர்கள் ஒவ்வொருவராக நீக்கப்பட்டனர். இறுதியில் தேஷ்முக்கும் நீக்கப்பட்டார். இவ்வாறு விடுவிக்கப்பட்ட வாக்குகளின் மொத்த மதிப்பு 1,21,274. அதில் ரெட்டிக்கு 91,879 கிடைத்தது. கிரிக்குக் கிடைத்தது 18,562. எஞ்சிய 10,833 மதிப்புள்ள வாக்குகள் இருவரில் யாருக்கும் செல்லாமல் விலகின.

இறுதி நிலவரம்: கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. கிரி, இலக்கை 1,908 வாக்கு மதிப்பு மட்டுமே கூடுதலாகப் பெற்றுக் கடந்தார். 87,967 ஆக இருந்த முன்னிலை 14,650 ஆகச் சுருங்கியிருந்தது.

இந்த எண்கள் இரண்டு உண்மைகளைக் காட்டுகின்றன. ஒன்று, நிஜலிங்கப்பா நாடிய இரண்டாம் விருப்ப வாக்குகள் பெருமளவில் ரெட்டிக்கு வந்து சேர்ந்தன. அவர் தோற்றது முதல் விருப்ப வாக்குகளில் ஏற்பட்ட இழப்பால்தான். இரண்டு, விலகிப்போன 10,833 மதிப்புள்ள வாக்குகள் முழுவதும் ரெட்டிக்கே சென்றிருந்தாலும் அவர் 4,16,260-ஐத்தான் எட்டியிருப்பார்; கிரியை முந்தியிருக்க முடியாது.

ஆகஸ்ட் 24 அன்று கிரி பதவியேற்றார். அதே ஆண்டு நவம்பரில் இந்திரா காந்தி கட்சியில் இருந்து நீக்கப்பட, காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தது.

நீதிமன்றத்தில் சாட்சி சொன்ன குடியரசுத் தலைவர்

குடியரசுத் தலைவர் தேர்தல் தொடர்பான வழக்கை, 71ஆவது பிரிவின்படி உச்ச நீதிமன்றம் மட்டுமே விசாரிக்க முடியும். ரெட்டியை இழிவுபடுத்தும் துண்டுப்பிரசுரம் வாக்காளர்களிடையே பரப்பப்பட்டது, முறையற்ற செல்வாக்கு பயன்படுத்தப்பட்டது என்று கூறி கிரியின் வெற்றியை எதிர்த்து மனுக்கள் தாக்கல் செய்யப்பட்டன. பதவியில் இருந்த குடியரசுத் தலைவரான கிரி, நீதிமன்றத்தில் நேரில் தோன்றிச் சாட்சியம் அளித்தார். 1970ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்தது.

வெற்றி வாய்ப்பே இல்லாதவர்கள் போட்டியிடுவதைக் குறைக்க 1974இல் சட்டம் திருத்தப்பட்டது. முன்மொழிய 10 பேரும் வழிமொழிய 10 பேரும் தேவை என்றானது. 1997இல் இந்த எண்ணிக்கை தலா 50 ஆகவும், வைப்புத்தொகை 15,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. ரெட்டி 1977இல் போட்டியின்றிக் குடியரசுத் தலைவரானார்.

அமெரிக்கா 2000: இரண்டாம் விருப்பம் இல்லாத தேர்தல்

எண்ணும் விதி மாறினால் நெருக்கமான போட்டியின் தன்மையே மாறும் என்பதற்கு அமெரிக்கா தெளிவான சான்று. அங்கும் மக்கள் நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுப்பதில்லை. மாநிலவாரியாக அமைந்த தேர்வாளர் குழுவே தேர்ந்தெடுக்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவருக்கே அம்மாநிலத்தின் தேர்வாளர் வாக்குகள் அனைத்தும் சேரும். பாதிக்கு மேல் பெற வேண்டும் என்ற நிபந்தனை மாநில அளவில் இல்லை.

2000ஆம் ஆண்டில் ஃபுளோரிடா மாநிலத்தின் 25 தேர்வாளர் வாக்குகளே முடிவைத் தீர்மானித்தன. அங்கு ஜார்ஜ் புஷ் 29,12,790 வாக்குகளும், அல் கோர் 29,12,253 வாக்குகளும் பெற்றதாகச் சான்றளிக்கப்பட்டது. வித்தியாசம் 537. மறு எண்ணிக்கை தொடர்பான வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் டிசம்பர் 12 அன்று அளித்த தீர்ப்புடன் சர்ச்சை முடிவுக்கு வந்தது. நாடு முழுவதும் கோர் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் கூடுதலாகப் பெற்றிருந்தபோதும், தேர்வாளர் குழுவில் 271-266 என்ற கணக்கில் புஷ் வென்றார்.

அதே ஃபுளோரிடாவில் பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் 97,488 வாக்குகள் பெற்றிருந்தார். அவருக்கு வாக்களித்தவர்களின் அடுத்த விருப்பம் புஷ்ஷா, கோரா என்று கேட்பதற்கு அந்த வாக்குச்சீட்டில் இடமே இல்லை. 1969இல் தேஷ்முக்கை ஆதரித்தவர்களுக்கு இருந்த இரண்டாவது வாய்ப்பு, அவர்களுக்கு இல்லை.

இலங்கை 2024: குறிக்கப்படாத விருப்பங்கள்

இலங்கையில் மக்கள் நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுக்கின்றனர். வாக்காளர் மூன்று விருப்பங்கள் வரை குறிக்கலாம். ஆனால் விதி இந்தியாவில் இருந்து சற்று வேறுபட்டது. யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முதல் இருவரைத் தவிர மற்ற அனைவரும் ஒரே நேரத்தில் நீக்கப்படுவர். நீக்கப்பட்டவர்களின் சீட்டுகளில் அந்த இருவருக்கும் குறிக்கப்பட்ட விருப்பங்கள் மட்டும் சேர்க்கப்படும். அதன் பிறகு முன்னிலை பெறுபவர் வெற்றியாளர்.

2024 செப்டம்பரில் அந்நாட்டு வரலாற்றில் முதன்முறையாக இந்த இரண்டாம் எண்ணிக்கை தேவைப்பட்டது. அனுர குமார திசாநாயக்க 56,34,915 வாக்குகளும், சஜித் பிரேமதாச 43,63,035 வாக்குகளும் பெற்றிருந்தனர். மற்றவர்களுக்கு 33 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்திருந்தன. ஆனால் அவற்றில் இருந்து திசாநாயக்கவுக்கு 1,05,264 விருப்ப வாக்குகளும், பிரேமதாசவுக்கு 1,67,867 விருப்ப வாக்குகளும் மட்டுமே வந்து சேர்ந்தன. விருப்பங்களைப் பங்கிடும் விதி இருந்தும், பெரும்பாலான சீட்டுகளில் இந்த இருவருக்கும் அடுத்த விருப்பம் குறிக்கப்படவில்லை. இந்தியாவில் 1969இல் இடம்மாறக்கூடிய வாக்குகளில் ஒன்பது விழுக்காட்டுக்கும் குறைவானவையே வீணாயின. இலங்கையில் ஒன்பது விழுக்காட்டுக்கும் குறைவானவையே பயன்பட்டன.

அடுத்த தேர்தலும் வாக்கு மதிப்பும்

குடியரசுத் தலைவர் திரௌபதி முர்முவின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2027 ஜூலையில் நிறைவடைகிறது.

வாக்கு மதிப்பு குறித்த கேள்வியும் இத்துடன் இணைந்தது. மக்கள்தொகைக் கட்டுப்பாட்டில் முன்னேறிய மாநிலங்கள் பாதிக்கப்படக் கூடாது என்பதற்காக, 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் 1971 மக்கள்தொகையை அடிப்படையாக நிலைநிறுத்தியது. 2001ஆம் ஆண்டின் 84ஆவது திருத்தம், 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விவரங்கள் வெளியாகும் வரை அதை நீட்டித்தது.

அந்த அடிப்படை மாறினால் என்ன ஆகும் என்பதை ஒரு கணக்கு விளக்கும். உறுப்பினர் எண்ணிக்கையை மாற்றாமல் 2011 மக்கள்தொகையைப் பயன்படுத்தினால், உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ. ஒருவரின் வாக்கு மதிப்பு 208இல் இருந்து 496 ஆகவும், தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் மதிப்பு 176இல் இருந்து 308 ஆகவும் உயரும். இன்று 100 தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.க்களின் வாக்கு ஏறத்தாழ 85 உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ.க்களின் வாக்குக்குச் சமம். அந்தக் கணக்கில் அது 62 ஆகக் குறையும்.

2022இல் இருந்ததைப் போன்ற பெரும் வித்தியாசத்தில் இத்தகைய மாற்றங்கள் வெற்றி, தோல்வியைப் பாதிக்காமல் போகலாம். 1969இல் இருந்ததைப் போன்ற போட்டி மீண்டும் வந்தால், வாக்கின் மதிப்பும் சீட்டில் குறிக்கப்படும் இரண்டாவது எண்ணுமே ராஷ்டிரபதி பவனுக்குச் செல்பவர் யார் என்பதை முடிவு செய்யும்.